ஊரார் மீட்டெடுத்த பேச்சு



1965 பிப்ரவரி 17. லாஸ் ஏஞ்சல்ஸில் நடிகை பட்ரீசியா நீல் தன் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு 39 வயது, மூன்று மாதக் கர்ப்பம். முந்தைய ஆண்டுதான் 'ஹட்' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது வாங்கியிருந்தார். ஜான் ஃபோர்டு இயக்கிய புதிய படத்தின் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. திடீரென்று தலை வெடிப்பதுபோல வலித்தது. மூளையில் வீங்கியிருந்த ரத்தக் குழாய் ஒன்று உடைந்துவிட்டது. அடுத்தடுத்து மூன்று தாக்குதல்கள். ஏழு மணிநேர அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஏறத்தாழ மூன்று வாரம் நினைவில்லை. அவர் இறந்துவிட்டதாகவே ஒரு சினிமா ஏடு செய்தி போட்டுவிட்டது.

கண் விழித்தபோது வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சும் இல்லை. அவருடைய பேச்சு எப்படித் திரும்பியது என்ற கதையில் பெரிய மருத்துவமனையோ புதிய மருந்தோ முக்கியப் பாத்திரம் அல்ல. இங்கிலாந்தில் அவர் குடியிருந்த கிரேட் மிசென்டன் என்ற ஊரின் அக்கம்பக்கத்தார்தான் முக்கியப் பாத்திரம். அதனால்தான் அறுபது ஆண்டு கடந்தும் அந்தக் கதையை இந்த மேடையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மொழி பாதிக்கப்படுகிறது. மருத்துவர்கள் இதை அஃபேசியா என்பார்கள், தமிழில் பேச்சிழப்பு. பெரும்பாலானோருக்கு மொழியைக் கையாளும் பகுதிகள் மூளையின் இடப்பக்கத்தில் இருக்கின்றன. உடலின் வலப்பக்கத்தை இயக்குவதும் அதே பக்கம்தான். வலது கை விழுந்தவருக்குப் பேச்சும் சேர்ந்து போவது இதனால்தான்.

வீட்டில் இதை "நாக்கு இழுத்துக்கிச்சு" என்பார்கள். யாராவது வசம்பு தேய்க்கச் சொல்வார்கள், யாராவது நாக்கை நீட்டி மடக்கச் சொல்வார்கள். நாக்கும் உதடும் தளர்ந்து பேச்சு குழறுவது வேறு சிக்கல், அதற்கு வேறு பயிற்சி இருக்கிறது. பேச்சிழப்பில் நாக்கு நன்றாகவே இருக்கும். சொல்லைத் தேடி எடுத்து, வரிசைப்படுத்தி, வாய்க்கு அனுப்பும் வேலைதான் அறுந்துபோயிருக்கும். எழுத்தும் வாசிப்பும்கூட அதோடு அடிபடும். இதைப் புரிந்துகொள்ளாமல் வசம்பிலேயே மாதங்களைக் கழித்துவிடும் குடும்பங்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

அதைவிட வேதனையானது, பேச்சு போனவருக்குப் புத்தியும் போய்விட்டதாக முடிவு கட்டுவது. பார்க்க வருகிற உறவினர் கட்டிலருகே குனிந்து, உரத்த குரலில், "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கிறார். படுத்திருப்பவருக்கு வந்தவர் யார், யாருடைய மகன், எந்தக் கல்யாணத்தில் சண்டை போட்டவர் என்பதெல்லாம் தெரியும். பெயர்தான் வாய்க்கு வரவில்லை. வந்தவர் உதட்டைப் பிதுக்கி, "ஒண்ணும் தெரியல போல" என்று அவர் காதுபடவே சொல்லிவிட்டு வெளியேறுவார்.

இந்த நோய்க்கு மருத்துவ வரலாற்றில் முகம் கொடுத்தவர் லெபோர்ன் என்ற பாரிஸ் நகரத்துக்காரர். முப்பது வயதில் பேச்சை இழந்து, பிசேத்ர மருத்துவமனையில் 21 ஆண்டு கிடந்தார். எதைக் கேட்டாலும் "தான், தான்" என்பார். அங்கே எல்லாரும் அவரை அந்த ஒலியாலேயே அழைத்தார்கள். 1861 ஏப்ரலில் அவர் இறந்ததும் அறுவை மருத்துவர் பால் ப்ரோகா மூளையை எடுத்துப் பார்த்தார். இடது முன்பகுதியில் சிதைவு இருந்தது. மறுநாளே அதைப் பாரிஸ் மானுடவியல் சங்கத்தில் காட்டினார். 1874இல், 26 வயதே ஆன கார்ல் வெர்னிக்கே இன்னொரு வகையை விளக்கினார். இந்த வகையினர் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் சொற்கள் இடம் மாறிப் பொருளற்று வரும், பிறர் பேசுவதும் சரியாகப் பிடிபடாது.

ப்ரோகாவின் பெயர் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. லெபோர்னோடு அந்த 21 ஆண்டும் யார் உட்கார்ந்து பேசினார்கள் என்ற கேள்வியை எந்தப் பாடநூலும் எழுப்புவதில்லை. நோயைக் கண்டறிந்தது ஒரு சாதனை. நோயாளியோடு உட்கார்வது என்ற வேலை வெகு பின்னால்தான் தொடங்கியது. முதல் உலகப் போரில் தலையில் குண்டடி பட்ட இளைஞர்களுக்காகக் குர்ட் கோல்ட்ஸ்டைன் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு நிறுவனம் நடத்தினார். இரண்டாம் உலகப் போரில் அலெக்சாண்டர் லூரியா உரால் மலைப்பகுதி மருத்துவமனை ஒன்றில் அதே வேலையைச் செய்தார். போர் வீரர்கள் சாகும் வயதினர் அல்லர், அவர்களை ஓரமாகப் படுக்க வைத்துவிட முடியாது. மொழிப் பயிற்சி ஒரு துறையாக வளர்ந்ததற்கு அந்த நெருக்கடி ஒரு பெரிய காரணம்.

மீண்டும் கிரேட் மிசென்டனுக்கு. மே மாதம் நீல் ஊர் திரும்பினார். ஆகஸ்டில் குழந்தை நலமாகப் பிறந்தது. கணவர், எழுத்தாளர் ரோல்ட் டால், கணக்குப் போட்டுப் பார்த்தார். தொழில்முறைப் பேச்சுப் பயிற்சி நாளுக்கு ஒரு மணிநேரத்துக்குமேல் கிடைக்காது. மீதி நேரமெல்லாம் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதா? அக்கம்பக்கத்தாரையும் நண்பர்களையும் அழைத்து, ஆளுக்கு ஒரு மணிநேரமாக முறை வைத்தார். காலையில் மூன்று மணிநேரம், பிற்பகலில் மூன்று. ஒருவர் வாசிக்க வைத்தார், ஒருவர் கணக்கு, ஒருவர் சீட்டு, ஒருவர் டோமினோ. வந்தவர்களில் எவரும் பேச்சுப் பயிற்சி படித்தவர் அல்லர்.

அவர்களில் வேலரி ஈட்டன் கிரிஃபித் என்ற பெண்மணிதான் இந்தக் கதையின் நாயகி. அழகு நிலையம் ஒன்றை நிர்வகித்தவர், உடல்நலக் குறைவால் வேலையை விட்டு வீட்டில் இருந்தார். ஒரு நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஒன்றை மட்டும் அவரே பார்த்துப் புரிந்துகொண்டார்: ஆஸ்கர் வாங்கிய பெண்ணிடம் பாலர் வகுப்புப் படப் புத்தகத்தை நீட்டினால் அவமானம்தான் மிஞ்சும். நாடகம், சினிமா, தெரிந்தவர்களைப் பற்றிய வம்பு என நீலுக்கு எதில் ஆசையோ அதிலிருந்தே வேலையைத் தொடங்கினார். நீல் அப்போது சிகரெட்டை "ஆப்லோகன்" என்பார். மார்ட்டினி மதுவுக்கு அவர் வைத்த பெயர் "சிவப்பு ஹேர் டிரையர்". சொல் தவறியது, பேச வேண்டும் என்ற உந்துதல் தவறவில்லை. கிரிஃபித் பிடித்துக்கொண்டது அந்த உந்துதலைத்தான்.

1967 மார்ச் 12 அன்று நியூயார்க்கில் மூளை பாதித்த குழந்தைகளுக்காக நடந்த நிதி திரட்டும் விழாவில் நீல் மேடையேறிப் பேசினார். பக்கத்துணையாக கிரிஃபித்தும் போயிருந்தார். 1968இல் வெளிவந்த 'தி சப்ஜெக்ட் வாஸ் ரோசஸ்' படத்தில் நடித்து, மீண்டும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். வசனத்தை மனத்தில் நிறுத்துவது அப்போதும் அவருக்குப் பெரும்பாடாகத்தான் இருந்தது.

இதில் டாலின் பங்கைப் பாராட்டும்போது ஒரு மறுப்பையும் சொல்லியாக வேண்டும். கேட்ட பொருளின் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் கொடுப்பது என்ற கண்டிப்பு அவருடையது. நீல் அதற்காக அவரை மனத்துக்குள் வெறுத்த நாள்களும் உண்டு. பிழைக்க வைத்தவர் என்று நன்றி சொன்னதும் அவரேதான். ஆனால் தாகத்தோடு இருப்பவரிடம் தண்ணீர் டம்ளரைத் தள்ளிப் பிடித்து, "சொன்னாத்தான் தருவேன்" என்பது பயிற்சி ஆகாது. சொல் வராத பதற்றம் இருக்கிற சொல்லையும் விரட்டிவிடும். முதலில் டம்ளரைக் கொடுத்துவிட வேண்டும். குடித்து முடித்ததும், "தண்ணி குடிச்சீங்க, இன்னும் தண்ணி வேணுமா?" என்று அதே சொல்லை இரண்டு மூன்று முறை காதில் போட வேண்டும்.

முறையான பயிற்சி எப்படி நடக்கிறது? ஒரு மூதாட்டியின் முன்னால் அரிவாள்மணைப் படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் முழுக்கக் காய் நறுக்கிய பொருள், ஆனால் பெயர் வரவில்லை. பயிற்சியாளர் பெயரைச் சொல்லிவிடுவதில்லை. சுற்றிச் சுற்றிக் கேட்கிறார். இது எதுக்கு? எங்க வெச்சிருப்பீங்க? உட்கார்ந்து பண்றதா, நின்னுக்கிட்டா? இதைப் பார்த்தா வேற என்ன ஞாபகம் வருது? "காய்... கீழ... உக்காந்து..." என்று அம்மா கையை அசைத்துக் காட்டுகிறார். ஒவ்வொரு பதிலும் அந்தச் சொல்லின் அக்கம்பக்கத்தைத் தட்டி எழுப்புகிறது. அப்படியும் வராவிட்டால், "வாழைக்காய் நறுக்கணும், அந்த..." என்று வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவார். அதற்கும் வராவிட்டால் முதல் ஒலியை மட்டும் கொடுப்பார்: "அரி..." பல நேரம் அந்த ஒரு அசைக்கே முழுச் சொல்லும் வந்துவிடும். வந்த சொல்லை அப்படியே விடுவதில்லை. "அரிவாள்மணை எடு", "அரிவாள்மணை கூரா இருக்கு" என்று வாக்கியத்தில் ஏற்றிப் பேச வைப்பார்கள்.

பாட்டு வேறொரு வழி. பேச முடியாத ஒருவர் தேவாலயப் பாடலைச் சொற்களோடு பாடியதை 1745லேயே ஸ்வீடனில் உலோஃப் டாலின் எழுதி வைத்தார். நம் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். தண்ணீர் கேட்கத் தெரியாதவர் திருப்பாட்டைத் தொடங்கிவிட்டால் நாலு அடி பாடுவார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவார், கிழமைகளை வரிசையாகச் சொல்வார், கோபம் வந்தால் வசவும் பிசிறின்றி வரும். மனப்பாடமாக ஊறிய பேச்சும், அந்தந்த நேரத்துக்குத் தானே கட்டும் பேச்சும் மூளையில் ஒரே பாதையில் போவதில்லை.

இதை வைத்து 1973இல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவர் இசைவழிப் பயிற்சி ஒன்றை வகுத்தார்கள். பயிற்சியாளர் நோயாளியின் இடது கையைப் பிடித்து, அசைக்கு ஒரு தட்டாகத் தட்டுவார். தண்-ணி-வே-ணும். முதலில் வெறும் முனகல், அழுத்தம் விழும் அசை மேல் சுரத்தில், மற்றவை கீழ்ச் சுரத்தில். பிறகு இருவரும் சேர்ந்து சொற்களோடு. பயிற்சியாளர் பாதியில் குரலை இழுத்துக்கொள்வார், நோயாளி முடிப்பார். கடைசியில், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டதும் அதே மெட்டில் பதில் வரும், நாளடைவில் மெட்டும் கரைந்துவிடும். நெதர்லாந்தில் இதை முறையாகச் சோதித்தபோது, பயிற்சி கொடுத்த தொடர்களில் முன்னேற்றம் தெரிந்தது. பயிற்சி தராத பேச்சுக்கு அது பெரிதாகப் பரவவில்லை. பக்கவாதம் வந்து நெடுங்காலம் ஆனவர்களிடம் கிடைத்த பலனும் நிலைக்கவில்லை. காணொளிகளில் காட்டுவதுபோல இது மாயவித்தை அன்று. பொருத்தமானவருக்குத் தொடக்கத்தில் உதவும் ஒரு வழி, அவ்வளவே.

இனி, குடும்பங்களை முடக்கிப்போடும் ஒரு வாக்கியத்துக்கு வருவோம்: "ஆறு மாசத்துக்குள்ள வந்தாத்தான் உண்டு." இதைச் சொல்லாத ஊர் இல்லை. முதல் மூன்று மாதத்தில் மூளை தானாகவே வேகமாகத் தேறுகிறது என்பது உண்மை. வீக்கம் வடிகிறது, ரத்த ஓட்டம் குறைந்து மயங்கிக் கிடந்த பகுதிகள் விழிக்கின்றன. அதன்பின் வேகம் குறையும். ஆனால் கதவு மூடுவதில்லை.

ஜெர்மனியில் 19 மையங்கள் சேர்ந்து நடத்தி, 2017இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்கு மேலானவர்களை மட்டுமே எடுத்தார்கள். ஒரு பாதியினருக்கு மூன்று வாரம், வாரத்துக்குக் குறைந்தது 10 மணிநேரம் பயிற்சி. மறுபாதியினர் காத்திருந்தார்கள். மொத்தம் 156 பேரின் முடிவுகளைப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களின் அன்றாடப் பேச்சு தெளிவாக மேம்பட்டிருந்தது. காத்திருந்தவர்களிடம் மாற்றம் இல்லை. பின்னர் அவர்களுக்கும் அதே பயிற்சி தந்தபோது அவர்களும் முன்னேறினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் பலன் தங்கியிருந்தது.

அப்படியானால் மணிநேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமா? கூடாது. பக்கவாதம் வந்த முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே தொடங்கித் தீவிரமாகப் பயிற்சி தருவதால் வழக்கமான பயிற்சியைவிடக் கூடுதல் பலன் இல்லை என்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்த ஆய்வு காட்டியது. பல நாட்டு ஆய்வுகளின் தரவைத் திரட்டிப் பார்த்தவர்கள், மொத்தம் 20 முதல் 50 மணிநேரப் பயிற்சி, வாரத்தில் நான்கைந்து நாளாகப் பிரித்துத் தந்ததில் பலன் மிகுதி என்று கண்டார்கள். வீட்டில் செய்யும் பயிற்சியும், அவரவர் தேவைக்கேற்ப அமைத்த பயிற்சியும் இருந்த இடங்களில் பலன் இன்னும் நன்றாக இருந்தது. மாதத்துக்கு இரண்டு முறை அரைமணிநேரம் போய்வந்துவிட்டு, "ஸ்பீச் தெரபி பார்த்தோம், பிரயோஜனம் இல்லை" என்று விட்டுவிடுவது நியாயமில்லை. பயிற்சி தோற்கவில்லை, அது தொடங்கவே இல்லை.

கணினி உதவுமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. பிரிட்டனில் 278 பேரை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஆளுக்கு 100 சொற்களை அவர்களே தேர்ந்தெடுத்து, ஒரு பிரிவினர் ஆறு மாதம் வீட்டிலேயே கணினியில் பழகினார்கள். பழகிய சொற்கள் நன்றாகத் திரும்பின. உரையாடல் மட்டும் தானாக மேம்படவில்லை. திரையில் "கத்திரிக்காய்" என்று சொல்லத் தெரிந்தவர், வாசலில் காய்க்காரரிடம் பேச நிற்கும்போது தடுமாறினார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அந்தப் பாலத்தைக் கட்டுவதற்கு எதிரே ஒரு மனிதர் வேண்டும்.

அந்த எதிராளுக்கும் பயிற்சி வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தவர்கள் டொராண்டோக்காரர்கள். கணவருக்குப் பேச்சு போனபின் போக்கிடம் தேடி அலைந்த பாட் அராட்டோ 1979இல் அங்கே ஒரு மையம் தொடங்கினார். அங்கே பணியாற்றிய ஆரா ககன், பேச்சிழந்தவருக்கு மட்டும் பயிற்சி தந்த வழக்கத்தைத் திருப்பிப்போட்டு, அவரோடு பேசுகிறவர்களுக்குப் பயிற்சி தந்தார். 2001இல் வெளியான அவருடைய ஆய்வில் 40 தன்னார்வலர்கள். பாதிப் பேருக்கு மட்டும் உரையாடும் முறையைக் கற்றுத்தந்தார்கள். கற்றவர்களோடு பேசியபோது, எந்தப் பயிற்சியும் பெறாத நோயாளிகளின் பங்கேற்பே மேம்பட்டது. பேச்சிழப்பு ஆய்வுகளிலேயே நெஞ்சைத் தொடும் முடிவு இதுதான்.

அந்த முறைக்குத் தேவை ஒரு தாளும் தடித்த பேனாவும். ஒரு நேரத்தில் ஒரே விஷயம். முக்கியச் சொல்லைப் பெரிதாக எழுதிக் காட்ட வேண்டும்: "வங்கி", "கோயில்", "டாக்டர்". எது என்று விரலால் தொடச் சொல்ல வேண்டும். ஆமா, இல்லை இரண்டும் இடம் மாறி வரக்கூடும் என்பதால், "வங்கிக்குப் போகணும்னு சொல்றீங்க, சரிதானே?" என்று திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும். தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டும். கேட்டபின் பொறுத்திருக்க வேண்டும், பத்து நொடி மௌனம் நமக்குத்தான் நீளம். முக்கியமாக, "உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குழந்தையிடம் பேசும் கொஞ்சல் குரல் கூடவே கூடாது.

வீட்டில் தமிழும் வேலையில் ஆங்கிலமுமாக வாழ்ந்தவருக்கு எந்த மொழி முதலில் திரும்பும்? தாய்மொழிதான் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். 1895இல் பித்ரஸ் சொன்னது வேறு: நோய்க்கு முன் எது அதிகம் புழங்கியதோ அது. பெரும்பாலோரிடம் இரண்டும் சேர்ந்தே மெல்ல மீள்கின்றன. பன்மொழி வாழ்க்கைக்கு ஒரு காப்பும் உண்டு. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 608 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களில் 40.5 விழுக்காட்டினர் இயல்பான அறிவாற்றலோடு இருந்தார்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களில் அது 19.6 விழுக்காடு. பேச்சிழப்பின் அளவில் மட்டும் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எந்த மொழியில் பயிற்சி தருவது என்பதை நோயாளியின் அன்றாட வாழ்க்கையைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். தமிழில் தருவதானால் அது வீட்டுத் தமிழாக இருக்க வேண்டும். "நீர் அருந்த வேண்டும்" என்று பழக்கிவிட்டால் அதை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

எல்லாக் கதையும் நீலின் கதைபோல முடிவதில்லை. 'தி ஒயிட் நைல்' எழுதிய ஆலன் மூர்ஹெட் 1966இல் பக்கவாதத்தால் மொழியை இழந்தார். அவரோடும் கிரிஃபித் உட்கார்ந்து பாடுபட்டார். ஆனால் மூர்ஹெட் திரும்ப எழுதவே இல்லை. சேதம் எங்கே, எவ்வளவு என்பது பெரிய பங்கு வகிக்கிறது, அதை மறைத்து நம்பிக்கை ஊட்டுவது தவறு. 1990இல் பக்கவாதம் வந்த ஸ்வீடன் கவிஞர் தூமாஸ் டிரான்ஸ்ட்ரோமருக்குப் பேச்சு பெரும்பாலும் திரும்பவில்லை. இடது கையால் பியானோ வாசித்தார், கவிதையும் வெளியிட்டார், 2011இல் நோபல் பரிசு பெற்றார். அவர் சார்பில் பேச வேண்டியதை மனைவி மோனிகா பேசினார். இதுவும் மீட்சிதான்.

கிரிஃபித் தன் அனுபவத்தை 1970இல் நூலாக்கினார். அந்த அனுபவத்திலிருந்தே 1970களில் பிரிட்டனில் தன்னார்வலர் திட்டம் ஒன்று கிளைத்தது. ஊர் ஊராக ஆள் சேர்த்து, பேச்சிழந்தவரின் வீட்டுக்கு முறைவைத்து அனுப்பினார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நீல் நோயுற்ற அதே 1965இல்தான் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் இன்று பேச்சு, கேட்பியல் படிப்புகள் உண்டு. ஆனால் பெரிய நகரங்களைத் தாண்டினால் பேச்சுப் பயிற்சியாளரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நகரத்திலும் வாரம் ஐந்து நாள் கட்டணம் கொடுக்க எல்லாராலும் முடியாது. இங்கே அண்டை வீடு இருக்கிறது, கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் தெருவுக்கு இருவர் இருக்கிறார்கள். பயிற்சியாளர் நோயாளியைச் சோதித்துத் திட்டம் வகுத்துத் தரட்டும். வாரத்தில் நாலு பிற்பகல் அதை நடத்தும் வேலையை இவர்கள் எடுத்துக்கொள்ளலாம். படங்களையும் கடையில் வாங்க வேண்டாம். அந்த வீட்டு அடுப்பு, அந்த வீட்டு மாடு, பேரனின் முகம், தெருமுனை டீக்கடை என எல்லாவற்றையும் கைபேசியில் எடுத்து, அந்த வீட்டார் குரலிலேயே பெயரைப் பதிவு செய்துவிடலாம். இந்த மேடையைத் தந்த அறக்கட்டளையிடம் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: ஓர் ஊரில் ஐந்து வீடு, பதினைந்து தன்னார்வலர், மேற்பார்வைக்கு ஒரு பேச்சுப் பயிற்சியாளர், அவருக்கு ஓராண்டுச் சம்பளம். இவ்வளவு கிடைத்தால் இந்த ஆண்டே வேலையைத் தொடங்கிவிடலாம்.